விசில் சத்தம் கேட்டதும்

பள்ளி விடுதியில் ஒன்றாகத் தங்கிப் படித்த நாங்கள் நால்வர், பல வருடங்களுக்குப் பிறகு சென்ற சீசனில் குற்றாலத்தில் சந்தித்தோம். என் மூன்று வயது மகள் உமாவையும் அழைத்துப் போயிருந்தேன். ஒருத்தி ஆலங்குளத்தில் டீச்சர், இன்னொருத்திக்கு இரட்டைப் பிள்ளைகள் என்று பேசியபடியே அருவிக்கு வந்துவிட்டோம்.

படித்த காலத்தில் விடுதியிலிருந்து வெளியே அழைத்துச் செல்லும்போது வார்டன் விசில் ஊதினால், அவரவர் ஜோடியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து வரிசையில் நிற்க வேண்டும். என் ஜோடி செல்லம்.

உமாவைப் பிடித்தபடி, செல்லத்தின் பக்கத்தில் அருவியின் ஓரத்தில் நனைந்துகொண்டிருந்தேன். திடீரெனத் தண்ணீர் கலங்கி, வேகமாகக் கொட்டியது. போலீஸ்காரர் விசில் ஊதினார். கூட்டத்தோடு ஓடி வெளியே வந்ததும் செல்லம் கேட்டாள்: "ஏட்டி, என்னையவா இழுத்துட்டு வந்த? பிள்ள எங்கட்டி?"

என் இரண்டு கைகளும் அவள் கையைப் பற்றியிருந்தன.

திரும்பி ஓடினேன். முன்பின் தெரியாத ஓர் அம்மாள் உமாவை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே வந்தார். "கம்பியப் பிடிச்சி அழுதுக்கிட்டு நிக்கி. பெத்தவளுக்கு அப்படி என்ன அவசரம்?" என்றார். உமாவை வாங்கி அணைத்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் வெளியிடங்களில் எந்தத் தோழியைக் கண்டாலும் ஒரு கையால்தான் கட்டிக்கொள்கிறேன். "அம்மா, கை வலிக்கி" என்று உமா சிணுங்கினாலும் மற்றதைத் தளர்த்துவதில்லை.