ஈர மணலில் குளிர்ந்த சூப்பு

சித்திரை வெயிலில் பூநகரி வீதியில் எங்கள் பஸ் பழுதாகி நின்றது. ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவிக்குத் தலை சுற்றியது. வேலிக்கு அப்பாலிருந்து ஒரு பெண் கையசைத்துக் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த, உயரமான உருவம். ஈரத் துவாயைத் தலையில் போட்டிருந்தார்.

வேம்பின் கீழ் பாய் விரித்து மனைவியைப் படுக்க வைத்தார். பிறகு ஈர மணலில் புதைத்திருந்த பானையைத் திறந்தார். துருவிய வெள்ளரிக்காயும் தக்காளியும் தயிரில் மிதந்தன.

"வெள்ளரிக்காய்ச் சூப்பு. அடுப்புக் காட்டாதது" என்றார்.

தேசிக்காய் பிழிந்து கோப்பையில் வார்த்தவர், உடனே தரவில்லை. கண்ணை மூடி அதைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் குளிரட்டும்" என்று கோப்பையை மணலில் இறக்கினார். தூரத்துக் கடல்நீரேரி வானத்தோடு கரைந்திருந்தது. எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை.

"இப்ப குடியுங்கோ பிள்ளை, மெல்ல மெல்ல."

மூன்றாவது மிடறில் மனைவி கண்ணை நன்றாகத் திறந்தாள். "உள்ள உதைக்குது" என்று சிரித்தாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

"அக்கா, வீட்டில கன பேரோ? பானை நிறைய இருக்குது."

"இல்லைத் தம்பி, நான் தனிய."

"அப்ப இவ்வளவும் ஆருக்கு?"

அவர் வீதியைப் பார்த்தார். "வெயில் எறிக்குதெல்லே. ஆரேன் வருவினம்."

எங்கள் மகளுக்கு இப்போது நான்கு வயது. யாருமே வராத நாட்களில் அந்த அக்கா பானையோடு என்ன செய்வார் என்று சில மதியங்களில் யோசித்துக்கொண்டிருப்பேன்.