மட்டக்குதிரைக்கு மாட்டிய ரப்பர் செருப்பு

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்னும் தடுமாறுவேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிவிடலாம் என்றால், நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால் என் மைத்துனன் முந்திக்கொண்டு, இந்தக் கதையைத் தன் இஷ்டத்துக்குச் சொல்லித் திரிகிறான். நடந்தது இதுதான்.

பட்டினப்பாக்கம் கடற்கரையில் குழந்தைகளை மட்டக்குதிரையில் ஏற்றிச் சவாரி விடுவது என் தொழில். என்னிடம் இருப்பது ஒரே குதிரை. பெண் குதிரை, பழுப்பு நிறம். லாடம் அடித்து அடித்து, உப்புத் தண்ணீரில் நின்று நின்று, அவள் குளம்பின் ஓரமெல்லாம் உதிரத் தொடங்கியது. ஜல்லி குத்தி அடிக்குளம்பும் ஒரு தடவை கன்னிப்போயிருந்தது. கால்நடை மருத்துவர் காலைத் தூக்கிப் பார்த்தார்.

"இனிமே ஆணி அடிக்க இதுல எடமே இல்லப்பா. வெறுங்காலோட விடு. மணல்ல நல்லா நடக்கும். ஆனா ஜல்லியில மிதிச்சு அடிக்குளம்பு இன்னொரு தடவ கன்னிப்போச்சுன்னா, இத நீ வெச்சிக்காத. ஊருக்கு வெளிய பண்ணையில விட்டுடு."

மணலில் அவள் நன்றாகத்தான் நடந்தாள். ஆனால் கடற்கரையில் கூட்டம் இல்லாத நாட்களில் எங்களுக்குக் கல்யாண ஊர்வலம்தான் பிழைப்பு. அதற்குத் தார் ரோடு, தோண்டிப் போட்ட ரோடு எல்லாம் தாண்ட வேண்டும். அவளைப் பண்ணைக்கு அனுப்புவதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

மைத்துனன் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு ரப்பர் பட்டறையில் வேலை செய்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் வீடியோ ஒன்றைக் காட்டினான்.

"மாமா, இத்த பாரு. வெளிநாட்டுல குதிரைக்கு செருப்பு மாட்டுறான். கல்லு மேல போம்போது மாட்டிக்கினு போறான், மண்ணு வந்தா கழட்டிட்றான். நான் செஞ்சி தரேன், அளவு மட்டும் கொண்டா."

அளவில்தான் நான் கோட்டை விட்டேன். கடற்கரையில் பிழைப்பவனுக்குக் குளம்பு என்றால் மணலில் பதிந்த தடம்தான். பத்துக் குதிரைகள் நடந்த இடத்திலும் அவள் தடத்தை நான் தனியாகக் காட்டுவேன். அந்தத் திமிரில், அலை வந்து போன ஈர மணலில் அவளை நடத்தி, முன்னங்கால் தடத்துக்கு நூல் பிடித்து அளந்து கொடுத்தேன்.

பாரம் தாங்கும் முன்னங்கால் இரண்டுக்கு மட்டும் செருப்பு வந்தது. கீழே தடித்த ரப்பர், மேலே இரண்டு வார், ஒரு கொக்கி. மாட்டி நடத்தினேன். நாலாவது அடியில் ஒரு செருப்பு ரோட்டிலேயே நின்றுவிட்டது. அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். மீன்கடை அம்மா ஒருத்தி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா நைனா, அண்ணன் செருப்ப தங்கச்சிக்கு மாட்டினியா?"

மைத்துனன் என்னை விசாரித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "ஈர மண்ணுல தடம் அகலமாத்தான் மாமா பதியும். சேத்துல மிதிச்சா என் காலு கூடத்தான் ஆனை காலு மாரி தெரியும்!"

இரண்டாவது முறை சிமெண்ட் தரையில் அட்டையைப் போட்டு, அதன்மேல் அவள் காலை வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்தேன். இந்தத் தடவை சரியாக உட்கார்ந்தது. குதிகால் பக்கம் வார் உராய்ந்தது. என் மகளின் பழைய பள்ளிக்கூட சாக்ஸை வெட்டி உள்ளே கொடுத்தேன். ரோட்டில் மாட்டுவேன், மணல் வந்ததும் கழற்றுவேன். ஒரு மாதத்தில் இருவருக்கும் பழகிவிட்டது.

ஆவணியில் மயிலாப்பூரில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. வழியெல்லாம் ஜனங்கள் போனில் படம் பிடித்தார்கள். நான் அவள் கழுத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டே போனேன். ஊர்வலம் ஒரு கோயில் வாசலில் தொடங்க வேண்டும். மாப்பிள்ளையின் பெரியப்பா கீழே குனிந்து பார்த்தார்.

"ஏம்பா, கோயில் வாசல்ல குதிரை செருப்பு போட்டுண்டு நிக்கறதே! கழட்டிடு, கழட்டிடு."

கழற்றினேன். செருப்பு வைக்கும் இடத்தில் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். அங்கே இருந்த அம்மா டோக்கனை நீட்டிவிட்டு, "ரெண்டுதான் கீது. மீதி ரெண்டு எங்க?" என்றாள்.

மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு ஏறி உட்கார்ந்தார். ஒல்லியானவர், பாரமில்லை. மேளம் கிளம்பியது. வாசலைத் தாண்டி இருபது அடி போயிருப்போம். தோண்டி மூடிய ரோடு, நெடுக ஜல்லி. அவள் ஒரு காலை வைத்தாள், உடனே எடுத்துக்கொண்டாள். நின்றுவிட்டாள். நாதஸ்வரமும் நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"இழுத்துண்டு போப்பா, நாழியாறது" என்றார் பெரியப்பா.

இழுத்தால் அவள் வந்துவிடுவாள். நான் இழுத்து அவள் வராமல் இருந்ததில்லை. மருத்துவர் சொன்னது காதில் கேட்டது. கயிற்றை விட்டேன். அத்தனை பேர் முன்னால் நான் பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"சாமி, மாப்ள ஷூ போட்டுக்கினு கீறாரு. ஆனா நடக்கப் போறது அவுரு இல்லியே, இதுதானே?"

முதலில் சிரித்தது மேலே இருந்த மாப்பிள்ளைதான். "பெரியப்பா, நியாயமாத்தானே கேக்கறார்! போட்டுக்கட்டும் விடுங்கோ."

பெரியப்பா கோயில் வாசலைத் திரும்பிப் பார்த்து, மனசுக்குள் தூரத்தை அளந்தார். "சரி, வாசல் தாண்டியாச்சு. போட்டுக்கோ. நான் பிடிச்சுக்கறேன். கடிக்குமோ?"

"கடிக்காது சாமி."

டோக்கனோடு ஓடிப்போய் வாங்கி வந்தேன். நான் குனிந்து கொக்கி மாட்டி முடிக்கிறவரை அவர் கயிற்றை விடவே இல்லை. பிறகு அவள் ஜல்லிமேல் நடந்தாள். தலையை ஆட்டிக்கொண்டு, மேளத்துக்கு ஏற்றாற்போல, மண்டபம் வரைக்கும்.

மறுநாள் காலை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். குறடால் அடிக்குளம்பை எல்லாப் பக்கமும் அழுத்திப் பார்த்தார். அவள் காதுகூட அசையவில்லை.

"பண்ணையாவது ஒண்ணாவது. நீயே வெச்சிக்கோ" என்று சொல்லிக் கை கழுவப் போனார்.

எழுதியது: ஐப்பசி நாலாம் தேதி, திங்கட்கிழமை.