எங்கள் வகையறாக் கட்டம்

எங்கள் வகையறாவுக்கென்று ஒரு கட்டம் உண்டு. கரும்பச்சையில் அரக்குக் கோடு, ஊடே மெல்லிய மஞ்சள் இழை. பரம்பரையாக வந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் ராஜபாளையத்து ஜவுளிக்கடை ஒன்றில், போன பங்குனிக்கு முன்னால் நானே பொறுக்கி எடுத்தது.

குலசாமி கும்பிடுக்கு எல்லோரும் ஒரே துணியில் சட்டை போட வேண்டும் என்பது என் யோசனை. ஒற்றுமை, அடையாளம் என்றெல்லாம் பங்காளிகளிடம் பேசினேன். உண்மைக் காரணம் வேறு. இந்த முறை பரிவட்டம் எனக்கு. பூசை முடிந்ததும் பூசாரி ஒரு பங்காளியின் தலையில் பட்டுத்துணியைச் சுற்றிக் கட்டுவார். வருஷத்துக்கு ஒரு வீடு என்று சுற்றி வரும் மரியாதை அது. என் அப்பாவுக்குக் கட்டியபோது நான் அரைக்கால் சட்டை போட்டிருந்தேன். அடுத்த முறை எங்கள் வீட்டுக்கு வரும்போது சுவரில் படமாகத் தொங்கிக்கொண்டிருப்பேன். அதனால் ஃபோட்டோவில் எனக்குப் பின்னால் நிற்பவர்கள் எடுப்பாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பங்காளிகளோடு நிறுத்தியிருக்கலாம். தாராள மனசைக் காட்டுவதற்காக, விருந்துக்கு வரும் மாமன் மச்சான்களுக்கும் அதே துணியைக் கொடுத்தேன். வழக்கப்படி பங்காளிகள் வெற்றுமேலில் துண்டோடு சாமி முன்னால் நிற்பார்கள். பெண் கொடுத்தவர்கள் சட்டையோடு ஓரமாக நிற்பார்கள். யார் எவர் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். அந்த வித்தியாசத்தைத்தான் நான் காசு கொடுத்து அழித்திருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ரத வீதியில் எல்லோரும் சேர்ந்து நடந்தபோது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. கோயில் காட்டுக்குள் இருக்கிறது. போகும் வழியில் செண்பகத்தோப்புச் சோதனைச் சாவடியில் வனக்காவலர், "எந்தக் கம்பெனில இருந்து வாரீய?" என்று கேட்டார். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பழைய பூசாரிக்கு முழங்கால் வலி. அவர் தம்பி வந்திருந்தார். அவருக்கு எங்களில் யாரையும் தெரியாது. தீபாராதனை ஆனதும் விழுந்து கும்பிட்டேன். எழும்போது வயிற்றுப் பக்கத்துப் பொத்தான் தெறித்தது. திறந்த வயிற்றோடு ஃபோட்டோவில் நிற்க முடியுமா? ஊக்கு வாங்க மனைவியிடம் ஓடினேன். நான் விட்டுப்போன இடத்தில், சாமி நன்றாகத் தெரிகிறதே என்று அவளுடைய அண்ணன் வந்து நின்றிருக்கிறார்.

"இந்த வருசம் யாருக்குக் கட்டணும்?" என்று பூசாரி கேட்டது காதில் விழுந்தது.

"அந்தா முன்னால நிக்காருல்லா, பச்சக்கட்டம் போட்ட சட்ட, அவருக்குத்தான்" என்றார் என் சித்தப்பா, திருநீற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே.

ஊக்கைக் குத்திக்கொண்டு நான் திரும்பியபோது மைத்துனர் தலையில் பட்டு மின்னியது. நல்ல மீசை, கச்சிதமான சட்டை. ஃபோட்டோக்காரர் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஐயோ மாப்ளே, சாமி சத்தியமா எனக்குத் தெரியாது. சும்மா குனிங்கன்னாவ, குனிஞ்சேன்" என்று அவர் அழாத குறையாகச் சொன்னார். அவிழ்க்கப் போன கையைச் சித்தப்பா பிடித்துக்கொண்டார். "கட்டுனது கட்டுனதுதான். ஒரு தலையில ஏறுனத அவுத்து இன்னொரு தலையில கட்டப்படாது."

நான் சிரித்தேன். யாருக்குக் கட்டினால் என்ன என்று பெரிய மனுஷத்தனமாகப் பேசினேன். அப்பாவைப் போல ஒரே ஒரு முறை நிற்க ஆசைப்பட்டேன், அதுவும் போயிற்று.

திரும்பும் பேருந்தில் மனைவி பேசவே இல்லை. அண்ணனுக்குக் கிடைத்ததில் உள்ளூர அவளுக்குச் சந்தோஷம் என்று நினைத்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தையல்காரர் திருப்பித் தந்திருந்த மிச்சத் துணியைப் பீரோவிலிருந்து எடுத்து வந்தாள். "செத்த குனிங்க" என்றாள்.

பச்சைக் கட்டத்தை என் தலையில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். சாமி படத்திலிருந்து திருநீறு எடுத்து நெற்றியில் பூசினாள். நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் கண்ணைப் பார்த்துவிடுவாள்.

"இப்ப சட்டையக் கழத்துங்க, பொத்தான் தைக்கணும்" என்றாள்.

சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். தலையில் இருந்ததை அவிழ்க்கவில்லை.