செயின் சத்தம் நின்ற நாள்

நைனாவின் அம்பாசடர் வருவது தெருமுனையிலேயே தெரிந்துவிடும். தகர டப்பாவில் துவரம்பருப்பைப் போட்டுக் குலுக்குவது போல எஞ்சின் முகப்பிலிருந்து ஒரு சத்தம் வரும். அங்கே இரண்டு பல்சக்கரங்களைச் சேர்த்துச் சுற்றுகிற டைமிங் செயின் தளர்ந்துபோய், மூடியிருக்கும் தகட்டில் உரசுகிற சத்தம் அது. அதை நிறுத்தியது நான்தான். ஒரு சனிக்கிழமை முழுக்கப் பக்கத்தில் நின்று, ஆள் வைத்து நிறுத்தினேன்.

சித்தூரில் எங்கள் வீடு தேவாலயத்துச் சுவரை ஒட்டிய சந்தில் இருக்கிறது. சபையார் யாரும் அந்தச் சந்தில் ஹாரன் அடிக்க மாட்டார்கள். உள்ளே யாராவது ஜெபத்தில் இருப்பார்கள் என்று ஒரு மரியாதை. நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பா வாடகைக் கார் ஓட்டியவர். சபையில் பாதிப் பேரைக் கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் கூட்டிப்போனவர். அவரும் வீட்டு வாசலில் ஹாரனைத் தொட்டதில்லை. தொடத் தேவையும் இல்லை. செயின் சத்தம் கேட்டதுமே அம்மா போய் இரும்புக் கேட்டைத் திறந்துவிடுவாள். வண்டி நிற்காமல் உள்ளே வந்துவிடும்.

சர்க்கரை வியாதியில் அம்மாவுக்குக் கண் போனது. அடுப்பு, ஊசிநூல், வேதப்புத்தகம் என்று ஒவ்வொன்றாக அவள் கையை விட்டுப் போயின. கேட் மட்டும் மிஞ்சியது. படியிலிருந்து பதினோரு எட்டு நடந்தால் தாழ்ப்பாள் கைக்கு வரும். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

எனக்கோ அந்தச் சத்தம் என்றாலே எரிச்சல். நான் டீச்சர். என்னை இறக்கிவிட எப்போதாவது வண்டி வந்தால் பிள்ளைகள் வகுப்பிலிருந்தே எட்டிப்பார்த்துச் சிரிக்கும். “மானம் போவுது நைனா, மாத்தித் தொலையேன்” என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். “ஓடுதில்ல? ஓடட்டும் வுடு” என்பார். அவருடைய மெக்கானிக்கும் அப்படித்தான். சித்தூரிலேயே ஷெட் வைத்திருக்கும் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவரிடம் முறையிட்டால் பதில் சொல்லாமல் சிரித்து மழுப்புவார். இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருடம் நைனா போய்விட்டார். மாரடைப்பு. போட்டு வைத்த காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து அம்மா சொன்னாள்: “வண்டிய சும்மா நிறுத்தி வெக்காத. நீயே ஓட்டிக்கினு போ.” புத்தலப்பட்டில் என் பள்ளிக்கூடம். அதுவரை பஸ்ஸில் போய்வந்தவள் வண்டியை எடுத்தேன். முதல் நாள் சாயங்காலம் சந்தில் திரும்பினால் கேட் திறந்து கிடந்தது. பக்கத்தில் அம்மா. வண்டி அவளைத் தாண்டும்போது கையை நீட்டி பானெட்டின் சூட்டைத் தொட்டாள். வருவது நான்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், புத்தியெல்லாம் தெளிவுதான். ஆனாலும் அந்த ஒரு நிமிடம் அவள் முகம் நைனா வரும்போது இருக்கிற முகம். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன்.

இவ்வளவும் பார்த்தவள்தான் நான். அப்புறமும் போய் அந்த வேலையைச் செய்தேன். மழைக்காலத்தில் சத்தம் அதிகமானது. நடுரோட்டில் நின்றுவிடுமோ என்று தினமும் பயம். மாமாவிடம் போனால் மறுபடி சிரிப்பார் என்று, வேண்டுமென்றே திருப்பதியில் வேறொரு ஷெட்டுக்குப் போனேன். கேட்டைப் பற்றி எனக்கு ஞாபகமே வரவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

திருப்பதி மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றினார், ஃபேனைக் கழற்றினார், கீழே இருந்த பெரிய நட்டைச் சுத்தியலால் தட்டித் தளர்த்தினார். முன் தகடு கையோடு வந்தது. அதன் உட்புறத்தில் செயின் உரசி உரசி ஒரு கோடு பளபளவென்று தேய்ந்திருந்தது. செயின் இரண்டு விரல் தொய்ந்து தொங்கியது.

“அம்மோ! மேடம், ஒரு பல்லு தாவிச்சின்னா அவ்ளோதான், எஞ்சின் அயிபோயிந்தி” என்றார். பிறகு தகட்டின் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தார். “ஆனா இத முன்னாடியே தொறந்துக்கிறாங்க. தகட்டுக்கு அடியில வெக்கிற பேக்கிங் அட்ட புதுசா கீது. தொறந்துட்டுப் பழைய செயினையே எவனாவது போடுவானா?”

எனக்குச் சுருக்கென்றது. மாமா! புதுச் செயின் போட்டேன் என்று நைனாவை ஏமாற்றிப் பழையதையே மாட்டியிருக்கிறார். அதுதான் அந்தச் சிரிப்பு. மெக்கானிக் இரண்டு பல்சக்கரங்களிலும் உள்ள அடையாளப் புள்ளிகளை நேருக்கு நேர் வைத்துப் புதுச் செயினை மாட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனசுக்குள் மாமாவை என்னென்ன கேட்பது என்று கோத்துக்கொண்டிருந்தேன். பழைய செயினை மெக்கானிக் தினசரித்தாளில் சுற்றி டிக்கியில் வைத்தார்.

வண்டி சத்தமில்லாமல் ஓடியது. புத்தலப்பட்டைத் தாண்டும்போது, நைனா உயிரோடு இருந்தால் காட்டியிருக்கலாமே என்றுகூட நினைத்தேன். சித்தூர் வந்ததும் நேராக மாமாவின் ஷெட். செயினை அவர் காலடியில் போட்டு, நாலு பேர் எதிரில் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். செத்தவரை ஏமாற்றிய பணம் உடம்பில் ஒட்டுமா என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

அவர் செயினை எடுத்தார். துணியால் துடைத்தார். திரும்பத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

“வீட்டுக்குப் போ பாப்பா. அம்மாவக் கேளு.”

சந்தில் திரும்பினேன். கேட் சாத்தியிருந்தது. வண்டியைச் சந்திலேயே நிறுத்தி இறங்கி, நானே திறந்து உள்ளே போனேன். அம்மா படியில் உட்கார்ந்து தெருப்பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“பஸ்ல வந்தியா? வண்டி இன்னாச்சி?”

“வண்டி வாசல்லதான் கீதும்மா. செயினு மாத்திட்டேன்.”

மாமா கதையையும் சொல்லிப் பொருமினேன். அம்மா தலையை ஆட்டினாள்.

“அவரு ஏமாத்தல. எனக்குக் கண்ணு போன வருசம் உங்க நைனா புது செயினு போட்டாரு. நீ தெனமும் கத்தினியே, அதுக்குத்தான். அந்த வாரம் நீ டிரெயினிங்குக்கு வெளியூரு போயிருந்த. அன்னிக்கி அவரு வந்தது எனக்குத் தெரியல. வந்து நின்னு, அவரே தொறந்துக்கினாரு. மறுநாளும் அப்டியே. மூணா நாளு நான் அழுதுட்டேன். இந்த வூட்ல எனக்குன்னு இருந்தது ஒரு வேலை, அதுவும் போச்சேன்னு. அடுத்த நாளே போயி பழசையே போட்டுக்கினு வந்துட்டாரு. யாருக்கும் சொல்லாதன்னாரு. உனுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவியாம்.”

டிக்கியிலிருந்து செயினைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தேன். தடவினாள். ஒருமுறை தூக்கிக் குலுக்கிப் பார்த்தாள். வெறும் இரும்புச் சத்தம்தான் வந்தது.

“இது இல்ல” என்றாள்.

“நாளைக்கே மாமாகிட்ட போயி பழசையே போட்டுக்கினு வரேம்மா.”

“வேணாம்.” உடனே சொன்னாள். “அவுரு வண்டி, அவுரு போட்டுக்கினாரு. நீ தெனமும் ரோட்ல போறவ. எங்கியாச்சும் நின்னுட்டா இந்தக் கண்ண வெச்சிக்கினு நான் எங்க வந்து தேடுவேன்? நீ இருக்கணும் எனக்கு.”

மறுநாள் ஆராதனை முடிந்ததும் மாமா வீட்டுக்குப் போய்க் காலைத் தொட்டேன். “உங்க நைனாவோட கோவம் அப்டியே உங்கிட்ட இருக்கு” என்றார். நைனாவுக்குக் கோபமே வராது. அதைத் தெரிந்தே, என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார்.

இப்போது நாலரை மணிக்கே அம்மா கேட்டருகே போய்விடுகிறாள், ஒரு கை தாழ்ப்பாளில். சந்தில் ஆட்டோ போகிறது, பால் வண்டி போகிறது. எது எது என்று அவளுக்குத் தெரிவதில்லை. நான் வந்து நிறுத்தினாலும் அப்படித்தான். எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருப்பேன். தலையைத் தெருமுனைப் பக்கம் சாய்த்துக்கொண்டு, அந்தப் பழைய முகத்தோடு, அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பிறகு, “நான்தாம்மா” என்பேன். அந்த முகம் போய்விடும். கேட்டைத் திறப்பாள்.