ஆகனுக்குப் போன பெட்டி

கொலோன் நகரில் ஒரு தேவாலய மண்டபத்தைவிட்டு வெளியேறி, ரயில் நிலையத்தை நோக்கித் தனியே நடந்துகொண்டிருந்தேன். எனக்கு வயது பன்னிரண்டு. பின்னால் யாரும் கூப்பிடாதது நிம்மதியாக இருந்தது. இன்னும் இரண்டு மணித்தியாலத்தில் எங்கள் நத்தார் நாடகம், இயேசு பிறந்த கதை. உடுப்புப் பெட்டியோ நாங்கள் வந்த ரயிலிலேயே அடுத்த ஊரான ஆகனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நாங்கள் ஹம் நகரத்துத் தமிழ்ச் சபையின் கலைக்குழு. நடத்தியவர் என் சித்தி. யார் மரியாள், யார் வெறும் ஆடு என்று குழுவுக்குள் ஓயாத சண்டை. ஆகவே சித்தி சபைச் சுவரில் பெரிய தாளொன்றை ஒட்டி, நாங்கள் எப்படி நடக்கவேண்டும் என்று எங்களையே சொல்லவைத்தார். "பிழை விட்டால் ஒளிக்கமாட்டம்" என்றான் அண்ணன். "ஆரின்ர வேலை எண்டு ஒண்டும் இல்லை, எல்லாம் எல்லாரின்ர வேலையும்தான்" என்றார் சித்தி. எல்லோரும் கையெழுத்து வைத்தோம். பிறகு அவர், உடுப்புப் பெட்டியில் ஒட்டியிருந்த வேலைத் துண்டைக் கிழித்தெறிந்தார். பெட்டி தூக்குபவன் என்று அதில் இருந்தது என் பெயர். எனக்குப் பெரிய சந்தோஷம்.

அதனால், எல்லோருக்கும் சொந்தமான பெட்டியை எல்லோருமாக விட்டுவிட்டுக் கொலோனில் இறங்கினோம்.

"எங்கையடா தேவதூதா, உன்ர செட்டை?" என்று மண்டபத்தில் அண்ணன் கேட்டான்.

"பெட்டிக்குள்ள."

"பெட்டி?"

ஒவ்வொருவரும் மற்றவரின் கையைப் பார்த்தார்கள். ஹம்மில் அதை ரயில் கதவோரம் வைத்தவன் நான். அதைச் சொல்ல வாய் வரவில்லை. கால்தான் வந்தது, நிலையத்தை நோக்கி.

நிலையத்தில், தொலைந்த பொருட்களைப் பதியும் இடத்துப் பெண் ஒரு படிவத்தை நீட்டி, பெரியவர் ஒருவர் கையெழுத்திட வேண்டும் என்றாள். திரும்பினால் சித்தி, மூச்சிரைக்க.

"சொல்லிப்போட்டு வரேலாதே? பயந்துபோனன்."

"கதவடியில வைச்சது நான்தான், சித்தி."

"தெரியும்" என்றவர், தொலைத்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார்.

"நீங்கள் இல்லையே! ஒளிக்கக்கூடாது எண்டெல்லோ எழுதினனாங்கள்?"

"ஓம். அதாலதான் எழுதிறன்."

எனக்காகப் பொய் எழுதுகிறார் என்றே நினைத்தேன். மண்டபத்துக்குத் திரும்பி, மேய்ப்பர்கள் துவாய்த் தலைப்பாகையோடும் நான் குளிர்ச்சட்டையோடும் மேடையேறினோம். சனம் கைதட்டியது. அந்தப் பொய் வெளியே வந்துவிடுமோ என்று எனக்கு வசனம் இரண்டு தரம் தடுமாறியது.

பின்னாளில், பள்ளியைப் பாதியில் விட்டபின் பல ஊர்க் கிடங்குகளில் வேலை செய்தேன். எல்லாரும் பாருங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, ஏதாவது காணாமற்போனால் கடைசியாகத் தொட்டவனைத் தேடும் மேலாளர்களை அங்கே கண்டேன். தொலைத்தவர் இடத்தில் எவரும் தன் பெயரை எழுதியதில்லை. வேலைத் துண்டைக் கிழித்த சித்தி அன்று எழுதியது பொய்யில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

அன்று இதொன்றும் தெரியாது. மறுநாள் காலை ஹம்மில் ஆராதனைக்கு முன், சித்தியின் பொய்யைச் சரிக்கட்டுவதாக எண்ணிக்கொண்டு, சுவரிலிருந்த தாளின் அடியில் எழுதினேன்: பெட்டி தூக்குவது நான்.

பெட்டி அப்போதும் வந்துசேர்ந்திருக்கவில்லை.