மேல் அறையில் 104 டிகிரி

நடந்ததை மனிதர்கள் சொன்னால் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள், கொஞ்சம் மறந்தும் போவார்கள். இதில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆறு நாட்கள், நொடி நொடியாக, ஒரு கணினி தானே எழுதி வைத்த பதிவு சுனிதாவிடம் இன்னும் இருக்கிறது. கேட்டால் திறந்து காட்டுவாள். ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போய்க் கேட்க வேண்டும். பிற்பகல் மூன்று மணி நெருங்கினால் அந்தக் கணினி இருக்கும் பக்கமே அவள் திரும்ப மாட்டாள்.

இடம் தாராவி. காலம் போன மே மாதம்.

சுனிதாவின் வீடு கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. வெளியே சாய்த்து வைத்த இரும்பு ஏணிதான் படிக்கட்டு. கணவன் சாஜனுக்கு விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் இரவு வேலை. காலை ஒன்பதரைக்கு வருவான், சாப்பிடுவான், மேலே போய்ப் படுத்துவிடுவான். அதே அறையில்தான் அவளுடைய கம்ப்யூட்டரும். மாலை ஐந்து வரை அது அவன் தூங்கும் அறை. ஐந்துக்குப் பிறகு அவள் வேலை செய்யும் அறை. அந்தச் சந்தில் பாதி வீடுகள் இப்படித்தான், ஓர் அறையை நேரம் போட்டுப் பிரித்துக்கொண்டு வாழ்கின்றன. சில நாட்கள் கணவனும் மனைவியும் ஏணியில் மட்டும்தான் சந்தித்துக்கொள்வார்கள், ஒருவர் ஏற, ஒருவர் இறங்க.

செம்பூரில் வீட்டு உள்அலங்காரம் செய்யும் அலுவலகம் ஒன்று சுனிதாவுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தது. இன்னும் கட்டி முடியாத வீட்டுக்குள் நடந்து போவது போல இரண்டு நிமிட வீடியோ. சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் கொடுத்தால் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். கல்யாணமாகி நான்கு வருடம் வெறும் சாஜன் வீட்டுக்காரியாக இருந்தவளுக்கு, அவள் பெயரைக் கேட்டு வந்த முதல் வேலை அது. இதைத் தவறவிட்டால் இன்னொரு கதவைத் தட்டும் துணிவு தனக்கு இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

காட்சிகளை அமைத்து முடித்தாயிற்று. கணினி அவற்றைப் படம் படமாக உருவாக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முப்பது மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். இடையில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 3:12. கீழே கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கைபேசியைப் பார்த்தாள். மேலே இருக்கும் கணினியின் நிலவரம் அதில் தெரியும். பிராசசரின் வேகம் 4.9 கிகாஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் 0.8. கொஞ்ச நேரம் திணறிவிட்டு வேலை நின்றுபோனது.

3:36-க்கு வேகம் தானாகத் திரும்பியது.

அவளுக்கு முதலில் பயம் எதுவும் வரவில்லை. சூடானால் பிராசசர் கருகிவிடாமலிருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அவளுடையதோ ஓவர்க்ளாக் செய்தது. நைன்ட்டி ஃபீட் ரோட்டில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பைசான், கம்பெனி வைத்த வேகத்துக்கும் மேலே ஏற்றிக் கொடுத்திருந்தான். மே மாத வெயில், மேலே தகரக் கூரை. அதுதான் காரணம் என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை மேசை மின்விசிறியைக் கணினிக்கு நேரே வைத்தாள். 3:12-க்கு மறுபடி 0.8. 3:36-க்கு மறுபடி 4.9.

அன்று மாலை பதிவை வரி வரியாகப் படித்தபோதுதான் அது கண்ணில் பட்டது. அந்த இருபத்து நான்கு நிமிடமும் பிராசசரின் சூடு வெறும் 46. ஆனால் பக்கத்தில் பெயரில்லாத ஒரு சென்சார் 104 என்று காட்டியிருந்தது. தண்ணீர் கொதிப்பதைவிட நான்கு அதிகம்.

செவ்வாய்க்கிழமை பைசான் கணினியைத் தன் கடைக்கு எடுத்துப் போனான். மாலையில் போன் செய்தான். அவனுக்கு அவள் பாபி, அதாவது அண்ணி.

"பாபி, சூட்டக் கடத்துற பேஸ்ட் மாத்தியாச்சு, ஃபேன் கிளீன் பண்ணியாச்சு, ஸ்பீடும் கம்பெனி அளவுக்கே இறக்கிட்டேன். காலைலேருந்து ஃபுல் லோடுல ஓடுது. ஏக்தம் மஸ்த், ஜோரா இருக்கு."

"மூணு பன்னெண்டுக்கு?"

"ஒண்ணும் ஆகல. பிராசசர் சூடாகவே இல்ல பாபி. வெளிய இருந்து யாரோ இதுகிட்ட எரியுது, எரியுதுன்னு சொல்றான். இது நம்பிப் பயந்து படுத்துக்குது."

"யாரு சொல்றா?"

"சென்சார் மாட்டுற இடம் ஒண்ணு இருக்கு. அதுல ஒயரே இல்ல. காலி." சிரித்தான். "வீட்டுல யாராவது கை வைக்கிறாங்களா?"

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். சுனிதா சிரிக்கவில்லை. மூன்று மணிக்கு அந்த அறையில் இருப்பது ஒரே ஒருவன்.

ஒரு மனிதனைச் சந்தேகிக்கத் தொடங்கிவிட்டால் அவன் செய்வது எல்லாமே சாட்சியாகிவிடுகிறது. ஃபேன் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று போன வாரம் சொன்னான். இந்த வேலை வேண்டுமா, யோசித்துக்கொள் என்று ஒருமுறை சொன்னான். அன்று அதை அக்கறை என்று நினைத்திருந்தாள். இப்போது அந்தக் குரலை மறுபடி மறுபடி மனதுக்குள் ஓடவிட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் கொஞ்சமாக வேறு குரலாக மாறிக்கொண்டு வந்தது.

புதன்கிழமை கணினி வீட்டுக்கு வந்துவிட்டது. பிற்பகல் 3:10-க்கு கீழ் அறையில் மூச்சை அடக்கி நின்றாள்.

3:12.

தலைக்கு மேலே பலகை முனகியது. டப்... டப்... டப்... டப்...

நான்கு அடிகள். ஜன்னல் பக்கம் போய் நின்றன.

விழித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

3:36-க்கு சத்தம் அடங்கியது. ஏணி ஏறிப் பார்த்தாள். சாஜன் பாயில் சுவர்ப்பக்கம் திரும்பி, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. நன்றாக நடிக்கிறான் என்று நினைத்தாள்.

மாலையில் டீயை வைத்துவிட்டுக் கேட்டாள். "மூணு மணிக்கு எந்திரிச்சி என்ன பண்ணுதீங்க?"

"ஏட்டி, விடிய விடிய பெட்டி தூக்கிட்டு வந்தவன் மூணு மணிக்கு எந்திரிச்சி டான்ஸா ஆடுவான்?"

"நடக்குற சத்தம் கேட்டுச்சு."

"எலியா இருக்கும்."

"எலி செருப்புப் போட்டா நடக்கும்? நான் வேலைக்குப் போறது உங்களுக்குப் பிடிக்கல. அத நேரா சொல்லிருங்க."

சாஜன் டீயைக் குடிக்காமல் எழுந்தான். "புருசன வேவு பாக்குத வீட்ல நிம்மதியா கண்ண மூட முடியுமா? பாண்டுப்ல அண்ணன் வீட்டுல தூங்கிக்கிடுதேன். நீயும் ஒன் மெசினும் நல்லா இருங்க."

போய்விட்டான். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. நாளை 3:12-க்கு வேகம் விழாது, அது போதும் என்றுதான் இருந்தது.

வியாழக்கிழமை மதியம் அவளே மேலே போனாள். பைசானிடமிருந்து வெப்பம் அளக்கும் கருவி ஒன்றை வாங்கி வந்திருந்தாள். துப்பாக்கி மாதிரி இருக்கும். எதை நோக்கி நீட்டுகிறோமோ அதன் சூட்டைக் காட்டும். கதவை உள்ளே தாழிட்டாள். கணினி முன் உட்கார்ந்தாள்.

3:09. வேகம் 4.6, பைசான் இறக்கி வைத்த அளவு. சூடு 45.

3:11. அதே.

சந்தில் பால் பாத்திரத்தை யாரோ தேய்க்கும் சத்தம். அது நின்றது.

3:12:04.

0.8.

சென்சார்... 104.

சாஜன் பாண்டுப்பில் இருக்கிறான். அறையில் அவள் மட்டும்.

கருவியைக் கணினிக்கு நேரே நீட்டினாள். 41. தொட்டுப் பார்த்தாள். பெட்டி வெறும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. சுவர், 34. கூரைத் தகரம், 52. கதவு, 35.

டப்... டப்... டப்... டப்...

பலகை அழுந்தியது. அவள் கண்ணெதிரே. யாரும் இல்லை.

கருவியை ஜன்னலுக்குத் திருப்பினாள்.

104.

மேலே உயர்த்தினாள். ஜன்னலின் மேல் கம்பியில், 35. இறக்கினாள். 104. இடப்பக்கம், 34. வலப்பக்கம், 34. நடுவில் மட்டும் 104.

ஓர் ஆள் அகலம்.

ஓர் ஆள் உயரம்.

மறுபடி நீட்டினாள். 34. ஜன்னலில் இப்போது எதுவும் இல்லை. சுவர், 34. பாய், 34. கதவு, 35. எங்கும் இல்லை...

எங்கே போயிற்று?

கை தளர்ந்து தாழ்ந்தது. கருவியின் முனை தரையை நோக்கியது. அவள் பாதங்களை நோக்கியது.

104.

காலில் சூடே தெரியவில்லை.

தாழ்ப்பாளை எப்படித் திறந்தாள், ஏணியில் எப்படி இறங்கினாள் என்பது அவளுக்கு இன்றுவரை நினைவில்லை.

மாலை ஆறு மணிக்கு பைசானே வந்து கணினியைக் கழற்றி டாக்சியில் ஏற்றினான். ஆண்டாப் ஹில்லில் பெரியம்மா மகள் செல்வமேரி அக்கா வீட்டில் அதை வைத்தார்கள். இரவு எட்டு மணிக்கு வேலையைத் தொடங்கினாள். நான்கு நாளும் அங்கேயே தூங்கியவனை அது ஒன்றும் செய்யவில்லையே என்ற நினைப்பில், அன்று இரவு சாஜனுக்கு ஒரு செய்தி எழுதினாள். தப்பு என் மேலதான், நாளைக்கு வீட்டுக்கு வந்து படுங்க. அனுப்பு என்பதைத் தொடுவதற்குள் ஏதோ தடுத்தது. தடுத்தது எந்தச் சக்தியும் இல்லை, வெறும் வீம்பு. அதை அவளே ஒப்புக்கொள்வாள். அவன் முதலில் பேசட்டும் என்று கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை 3:12 வந்தது. கணினி அசையவில்லை. 4.6. திரையில் சென்சாரின் எண் இருந்த இடத்தில் ஒரு கோடு மட்டும். சுனிதா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

3:50-க்கு போன் வந்தது. அவள் வீடு எரிந்துவிட்டது.

தீ மேல் அறையில்தான் பிடித்திருந்தது. எப்படி என்று இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் அவள் போயிருந்தாள். புகை தெரிந்தது 3:12-க்கு. அணைந்தது 3:36-க்கு. இரும்பு ஏணி முதலிலேயே பழுக்கக் காய்ந்துவிட்டதால் யாராலும் மேலே ஏற முடியவில்லை.

பாண்டுப்பிலிருந்து ஓடி வந்த சாஜன் சந்து முனையில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அந்த நேரத்தில் அவன் அங்கேதான் தூங்கிக்கொண்டிருந்திருப்பான். அவள் மன்னிப்புக் கேட்டிருந்தால். அவனை ஒரு பொய்க் குற்றத்துக்காக விரட்டியதுதான் அவனைக் காப்பாற்றியது என்பதை எந்தக் கணக்கில் வைத்துக்கொள்வது என்று அவளுக்குப் புரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

வீடியோ நள்ளிரவு தாண்டி 2:06-க்குத் தானாக முடிந்திருந்தது. சனிக்கிழமை காலை அனுப்பினாள். பதினொன்றரைக்குப் பதில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது.

இதோடு முடிந்திருந்தால் இதைத் தற்செயல் என்று சொல்லித் தள்ளியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை 10:20. மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க சுனிதா தாராவிக்குப் போனாள். எதிர்வீட்டு ஷமீமா வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ தப்பிச்சு எறங்குனத நான் பாக்கவே இல்லம்மா. நீ உள்ளதான் இருக்கேன்னு தொண்ட கிழியக் கத்துனேன். ஃபயர்காரங்க தகரத்த ஒடச்சுப் பாத்துட்டு யாருமில்லன்னாங்க. எப்படி வெளிய வந்த?"

"நான் உள்ளயே இல்லக்கா. ஆண்டாப் ஹில்ல இருந்தேன்."

ஷமீமா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஜன்னல்ல நின்னியே. என்னைப் பாத்துக்கிட்டே நின்ன. கூப்பிட்டேன், அசையல."

"வேற யாரையாவது பாத்திருப்பீங்க."

"உன்ன எனக்குத் தெரியாதா? எல்லாம் எரிஞ்சு போச்சுங்கிறாங்க, இது மட்டும் எப்படித் தப்பிச்சுதுன்னுதான் யோசிக்கிறேன்." ஷமீமா அவள் தோளைத் தொட்டுக் காட்டினாள். "அன்னைக்கு ஜன்னல்ல நீ இந்தப் பச்சைச் சுடிதார்தான் போட்டிருந்த. கழுத்துல இதே வெள்ளப் பூ."

மாற்றிக்கொள்ள ஒரு துணிகூட மிஞ்சவில்லையே என்று செல்வமேரி அக்கா மாட்டுங்காவில் எடுத்துக் கொடுத்த சுடிதார் அது. எடுத்தது சனிக்கிழமை இரவு 7:40-க்கு. தீ அணைந்து ஒரு நாள் கழித்து.

சுனிதா மெதுவாகப் பின்கழுத்தில் கை வைத்தாள். விலைச்சீட்டைப் பிய்த்த இடத்தில், பிளாஸ்டிக் நூல் இன்னும் குத்திக்கொண்டிருந்தது.