பர்லியாரில் நின்ற பஸ்

குன்னூர் பஜாரில் செருப்புக் கடை வைத்திருக்கும் எனக்கு அறுபத்தைந்து வயது. மனைவி ஜமீலா இதய நோயாளி. பிரீமியத்தை ஏற்றிக்கொண்டே போகிறார்களே என்ற கோபத்தில், எங்கள் மருத்துவக் காப்பீட்டை வேறு கம்பெனிக்கு மாற்றக் கோவைக்குப் புறப்பட்டோம். மலைப்பாதையில் பர்லியார் அருகே மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது.

மூடுபனி ஜன்னல் வழியே வந்து மடியில் உட்கார்ந்தது. முன்னால் நின்ற லாரி கரைந்து போனது, பிறகு மரங்களும். எங்கோ தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. நாங்கள் இருவரும் மேகத்தில் மிதப்பதுபோல் இருந்தது. ஜமீலா என் தோளில் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க, இந்த மாதிரி நாள்ல எனக்கு நெஞ்சு வலிச்சா எங்க போறது?"

உடனே புதுக் கம்பெனி ஏஜெண்டுக்குப் போன் செய்து அதையே கேட்டேன்.

"கையில பணம் கட்டாம சேத்துக்கற கேஷ்லெஸ் ஆஸ்பத்திரி மலை மேல நமக்கு இல்லீங்க. கோயமுத்தூர் வந்துருங்க, பக்கம்தானுங்க."

"பர்லியாருக்கு வந்து பாரு, எவ்வளவு பக்கம்னு தெரியும்!" என்று கத்தினேன். பஸ்ஸே சிரித்தது. வேறு வண்டி பிடித்து வீடு திரும்பி, குன்னூரிலேயே ஆஸ்பத்திரி உள்ள பழைய பாலிசியையே புதுப்பித்தேன்.

இப்போது புதுப்பிக்கும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே வேறு கம்பெனிகளில் விசாரிக்கிறேன். ஜமீலாவின் நோயைத் தெரிந்துகொண்டு புதியவர்கள் எழுத்தில் சம்மதிக்கும்வரை பழையதை விடமாட்டேன். ஆனால் முதல் கேள்வி, மலை மேல் எந்த ஆஸ்பத்திரி என்பதுதான். இல்லை என்றால் போனை வைத்துவிடுவேன்.